வயிற்றுக் கோளாறும் வைதீகக் கோளாறும்

நமது நாட்டில் ஒரு மனிதனுக்குத் தன் தலையைப் பற்றி ஒன்றும் தெரியாவிட்டாலும் தலையெழுத்தைப் பற்றி நன்றாய்த் தெரியும். கையைக்கொண்டு ஒரு காரியமும் செய்யத் தெரியாதவனுக்கும் கைரேகையைப் பற்றித் தெரியும். ஆனால் தன் வயிற்றைப் பற்றி மாத்திரம் தெரியாது. பசித்தால் போடுவது, வலித்தால் பிடித்துக்கொண்டு குந்துவது என்பதற்குமேல் அந்த வயிறு தனக்கு என்ன சொல்லுகின்றது என்று கவனிப்பவர்கள் மிகச் சிலரே. கவனித்துச் சொல்ல முன்வருகிறவனையும், "சீ! இதெல்லாம் நாலு பேர் நடுவில் பேசுகிற பேச்சா?" என்று வாயடைத்து விடுகின்றோம்.

ஆதலால் இந்த வாரம் இந்த "ஆபாசமான" விஷயத்தைப் பற்றியே எழுதுவதென்று முடிவு செய்தோம். கடவுள்கள் பிறந்த விதத்தையும் அவர்கள் நடத்திய லீலைகளையும் குடும்பத்தோடு உட்கார்ந்து காலட்சேபமாய்க் கேட்கின்றவர்களுக்கு, அவரவர் சொந்த மலத்தைப் பற்றி நாம் எழுதுவது ஆபாசமாய்த் தோன்றுமானால் அதற்கு நாம் பொறுப்பாளியல்ல.

இதை ஏன் எழுதுகின்றோமென்றால், நமது சொந்தச் சிற்றப்பா ஒருவர் இந்த வெட்கத்தினாலேயே செத்தார்.

அவர் தறி நெய்து பிழைத்தவர். ஐம்பத்திரண்டாம் வயதில் வெளிக்குப் போகும்போது இரத்தம் போவதைக் கண்டார். யாரிடத்திலும் சொல்லவில்லை. "உடம்பில் சூடு" என்று தாமே தீர்ப்புச் சொல்லிக்கொண்டு சனிக்கிழமைதோறும் எண்ணெய் தேய்த்து முழுகினார்; இளநீர் குடித்தார். நிற்கவில்லை என்றதும் ஒரு மலைக்கோயிலுக்குக் காவடி எடுப்பதாய் வேண்டிக்கொண்டார்; எடுத்தும் தீர்த்தார். அதன் பிறகு சில வாரம் இரத்தம் நின்றிருந்ததாம். விட்டு விட்டு வருவது அந்த நோயின் சுபாவம். ஆனால் நின்ற பெருமை சுவாமிக்குப் போயிற்று. மறுபடியும் இரத்தம் வந்தபோது, "நேர்த்திக்கடனில் நம் பேரில் ஏதோ குறை" என்று பழி சிற்றப்பாவின் தலையில் வந்து விடிந்தது. சுவாமியின் கணக்குப் புத்தகத்தில் வரவு உண்டே தவிர பற்று என்பது எக்காலத்திலும் கிடையாது.

பிறகு, "மூலம், பௌத்திரம் ஆபரேஷன் இல்லாமல் குணமாக்கப்படும்" என்று பஸ் ஸ்டாண்டுச் சுவரில் எழுதி வைத்திருந்த ஒருவரிடம் போனார். அந்த மகானுபாவர் சோதித்துக்கூடப் பாராமல், களிம்பும் லேகியமும் கொடுத்து ஒரு வருஷம் பணம் வாங்கினார். கடைசியில் சிற்றப்பா தறிக்குழியிலேயே மயங்கி விழுந்த பிறகுதான் அரசாங்க ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனோம். அங்கிருந்த இளவயது டாக்டரம்மா கீழ் இமையை இழுத்துப் பார்த்தார்; சுண்ணாம்பாய் வெளுத்திருந்தது. "பெரியவரே, எத்தனை நாளாய் இரத்தம் போகிறது?" என்று கேட்டார். சிற்றப்பா பதில் சொல்லாமல் சின்னம்மாவைப் பார்த்தார். பிறகு, "இரண்டு வருஷம் இருக்கும் தாயி" என்றார். "ஐயோ, எனக்குத் தெரியாதே!" என்று சின்னம்மா தலையில் அடித்துக்கொண்டார். முப்பது வருஷம் அவருக்குச் சோறு போட்டவருக்கு அந்தச் சோறு என்ன ஆயிற்று என்பது தெரியாது! பெருங்குடலில் புற்று; ஈரலுக்குப் பரவிவிட்டது. ஏழு மாதத்தில் முடிந்தது. ஆரம்பத்தில் வந்திருந்தால் அறுத்தெடுத்துப் பிழைக்க வைக்க நல்ல இடமிருந்தது என்று சொன்னார்கள்.

இதில் நாமும் குற்றவாளியே. அந்த இரண்டு வருஷமும் நாம் ஊர் ஊராய்ப் பகுத்தறிவுப் பிரசாரம் செய்துகொண்டுதான் இருந்தோம். சிற்றப்பா நமது கூட்டங்களுக்கு வந்து முன்வரிசையில் உட்கார்ந்து கை தட்டினவர். அவர்தான் பயம் வந்தவுடன் காவடியும் தூக்கினார். அவர் இளைத்துக்கொண்டே வந்ததை நாம் கண்ணால் பார்த்தோம். "என்ன சித்தப்பா, துரும்பாய்ப் போய்விட்டீர்களே!" என்று கேலிகூடச் செய்தோம். கிட்ட உட்கார்ந்து, "என்ன செய்கிறது உடம்புக்கு?" என்று கேட்கவில்லை. கடவுள் இல்லை என்று ஒருவனுக்குச் சொல்லிவிட்டு, அவன் வியாதிக்கு எங்கே போக வேண்டும் என்பதைச் சொல்லாமல் விட்டால் அவன் பழைய இடத்திற்கே போவான் என்கின்ற புத்தி நமக்கு அவரைப் புதைத்த பிறகுதான் வந்தது.

வெட்கம் எங்கிருந்து வந்தது?

இந்த வெட்கம் இயற்கையானது என்று சிலர் சொல்லலாம். அது பொய். மாடு வளர்க்கிறவனைக் கேட்டுப் பாருங்கள். காலையில் எழுந்ததும் சாணியைப் பார்க்கின்றான். கழிச்சல் கண்டாலும், சாணி இறுகிப் போனாலும் உடனே மாட்டு டாக்டரிடம் ஓடுகின்றான். கைக்குழந்தையின் தாயைக் கேட்டுப் பாருங்கள். "இன்றைக்குப் பச்சையாய்ப் போகிறது, நேற்றுச் சளி சளியாய்ப் போயிற்று" என்று கணக்காய்ச் சொல்லுவாள். மாட்டிற்கும் மதலைக்கும் கூச்சமில்லாமல் செய்கின்ற காரியத்தை மனிதன் தனக்கு மாத்திரம் செய்துகொள்ள ஏன் வெட்கப்பட வேண்டும்?

ஏனென்றால் சுத்தம் வேறு, மடி வேறு என்று இந்த நாட்டில் பிரித்து வைத்துவிட்டார்கள். சோப்புப் போட்டுக் கை கழுவுவது சுத்தம். ஒரு மனிதனைத் தொடாமல் ஒதுங்குவது மடி. முன்னது வியாதியைத் தடுக்கும். பின்னது அகம்பாவத்தை வளர்க்கும். இந்த மடி சாஸ்திரத்தின்படி மலம் என்பது பார்க்கத் தகாத, பேசத் தகாத வஸ்து. ஆனாலும் எல்லா ஜாதியானும் தினமும் அதை உண்டாக்குகின்றானே, யார் எடுப்பது? அதற்கென்று ஒரு கூட்டத்தாரைப் பிறப்பினாலேயே ஒதுக்கி வைத்து, அவர்களையும் பார்க்கத் தகாதவர்கள் ஆக்கினார்கள். மலம் அள்ளும் கொடுமையைத் தடுக்க 1993இல் ஒரு சட்டமும் 2013இல் இன்னொரு சட்டமும் வந்தும், சாக்கடைக் குழிக்குள் மனிதன் இறங்கிச் சாவது இன்னும் நின்றபாடில்லை. தன் மலத்தைத் தான் பார்ப்பது இழிவு, அதைப் பிறர் அள்ளுவது தர்மம் என்கின்ற இந்தப் புத்திக்குக் கிடைத்த கூலிதான், உயர்ந்த ஜாதியானானாலும் தாழ்ந்த ஜாதியானானாலும் வியாதி முற்றிய பிறகு ஆஸ்பத்திரிக்குப் போவது.

பெண்களின் கதியோ இன்னும் மோசம். கக்கூஸ் இல்லாத வீட்டுப் பெண் இருட்டுகிற வரையில் அடக்கிக்கொள்ள வேண்டும். அடக்குவதற்காகத் தண்ணீரைக் குறைத்துக் குடிக்க வேண்டும். அதனால் மலம் கட்டி, ஆசனவாய் வெடித்து இரத்தம் வந்தாலும், அதை ஓர் ஆண் டாக்டரிடம் எப்படிச் சொல்லுவது என்று சாகிறவரையில் முந்தானைக்குள் முடிந்து வைத்துக்கொள்ள வேண்டும். இதற்குப் பெயர் பெண்மையாம்!

குடலை வைத்து நடக்கும் கொள்ளை

வெட்கத்தினால் வாயை மூடிக்கொண்ட இடத்தில் புரட்டன் வாயைத் திறக்கின்றான்.

முதலாவது, தொக்கம் எடுப்பது. குழந்தை சாப்பிடாமல் இளைத்தால், "எப்போதோ தின்றது குடலில் ஒட்டிக்கொண்டிருக்கிறது" என்று சொல்லி, ஒருவர் குழலை வைத்து ஊதியோ உறிஞ்சியோ ஒரு சோற்றுக் கட்டியையோ முடித் துணுக்கையோ துப்பிக் காட்டுகின்றார். தாயும் கண்ணீர் விட்டு நம்பிக் காணிக்கை கொடுக்கின்றாள். நாம் கேட்பது இதுதான். விழுங்கிய கவளம் சில விநாடிகளில் இரைப்பைக்குள் போய்விடுகின்றது. சில மணி நேரத்தில் இரைப்பை அதைக் கூழாக்கிச் சிறுகுடலுக்குத் தள்ளிவிடுகின்றது. ஒன்றிரண்டு, மிஞ்சினால் மூன்று நான்கு நாட்களில் மிச்சம் வெளியே வந்துவிடுகின்றது. அப்படியிருக்க, மூன்று மாதத்திற்கு முன் தின்ற சோறு பருக்கை பருக்கையாய்த் தொண்டை வழியே எப்படித் திரும்பி வந்தது?

இது யாரோ ஊகித்துச் சொன்ன சங்கதியல்ல. 1822இல் அமெரிக்காவில் அலெக்சிஸ் செயின்ட் மார்ட்டின் என்கின்ற தொழிலாளிக்கு வயிற்றில் குண்டு பாய்ந்து, புண் ஆறியும் துவாரம் மூடாமல் நின்றுவிட்டது. வில்லியம் போமான்ட் என்னும் டாக்டர் அந்தத் துவாரத்தின் வழியாகப் பட்டுநூலில் இறைச்சித் துண்டைக் கட்டி உள்ளே விட்டு, மணிக்கு மணி இழுத்துப் பார்த்து, அது எவ்வளவு நேரத்தில் கரைகின்றது என்று எழுதி வைத்தார். 1833இல் அதைப் புத்தகமாகவே போட்டார். தொக்கம் எடுக்கிறவருக்கும் இவருக்கும் வித்தியாசம் என்னவென்றால், இவர் வயிற்றுக்குள் இருந்ததை வெளியே காட்டினார். அவர் தம் வாய்க்குள் இருந்ததை வெளியே காட்டுகின்றார்.

இரண்டாவது, இடுமருந்து எடுப்பது. புருஷனுக்கு அடிக்கடி வயிற்று வலியும் வாந்தியும் வந்தால், யாரோ சோற்றில் மருந்து வைத்துவிட்டார்கள் என்கின்றார்கள். அந்த யாரோ எப்போதும் ஒரு பெண்தான்: மருமகள், அல்லது மாமியார், அல்லது பக்கத்து வீட்டு விதவை. வாந்திக்குத் தழை கொடுத்து, வந்த கோழையைக் காட்டி, "இதோ மருந்து" என்கின்றான் மந்திரவாதி. அவன் வயிற்றில் இருந்த புண் அப்படியே இருக்கின்றது. குடும்பத்தில் மாத்திரம் புதிதாய் ஒரு புண் உண்டாகி விடுகின்றது.

மூன்றாவது, குடலேற்றம் தட்டுவது, வயிற்றில் சூடு போடுவது, எந்த வலிக்கும் முதலில் பேதிக்குக் கொடுப்பது. தொப்புளைச் சுற்றி ஆரம்பித்த வலி சில மணி நேரத்தில் வலது அடிவயிற்றுக்கு இறங்கி, காய்ச்சலும் வாந்தியும் சேருமானால் அது பெரும்பாலும் குடல்வால் அழற்சி. அதைத் தடவுவதும் அமுக்குவதும், பேதி கொடுப்பதும், குடல்வாலை வெடிக்கச் செய்து ஆளைக் கொன்றுவிடக் கூடிய காரியங்கள். ஒரு சின்ன ஆபரேஷனில் வீட்டுக்கு வர வேண்டியவனைப் பாடையில் அனுப்புவதற்கு நம்மவர்கள் வைத்திருக்கின்ற பெயர் கைவைத்தியம்.

பார்த்தவர்கள் கண்டது

வாந்திபேதியைக் காளியின் கோபம் என்று சொல்லிக் கெடா வெட்டிக்கொண்டிருந்த இதே நாட்டிற்கு 1883இல் ராபர்ட் காக் என்னும் ஜெர்மன் டாக்டர் வந்தார். கல்கத்தாவில் செத்தவர்களுடைய குடலையும் நோயாளிகளுடைய மலத்தையும் பூதக்கண்ணாடியில் வைத்துப் பார்த்தார். ஜனங்கள் குளித்துக் குடித்துவந்த ஒரு குளத்துத் தண்ணீரையும் பார்த்தார். மூன்றிலும் ஒரே கிருமி இருந்தது. ஆயிரம் வருஷம் காளியைப் பார்த்தவர்கள் காணாததை, சில மாதம் மலத்தைப் பார்த்தவர் கண்டார்.

டாக்டர்கள் சொல்லுவதெல்லாம் வேதவாக்கா என்று கேட்கலாம். இல்லவே இல்லை. இரைப்பைப் புண்ணுக்குக் காரணம் கவலையும் காரமும் புளிப்பும்தான், இரைப்பையின் அமிலத்தில் எந்தக் கிருமியும் பிழைக்காது என்று டாக்டர்களுமே நெடுங்காலம் சாதித்துக் கொண்டிருந்தார்கள். ஆஸ்திரேலியாவில் பெர்த் நகரத்தைச் சேர்ந்த ராபின் வாரன், பேரி மார்ஷல் என்கின்ற இரண்டு பேர் அங்கே ஒரு கிருமி இருப்பதைக் கண்டு சொன்னார்கள். பலர் நம்பவில்லை. 1984இல் மார்ஷல் அந்தக் கிருமியைக் கலக்கித் தாமே குடித்தார். சில நாளில் குமட்டலும் வாந்தியும் வந்தன; குழாய் விட்டுப் பார்த்ததில் இரைப்பை அழன்றிருந்தது. 2005இல் அவ்விருவருக்கும் நோபல் பரிசு கொடுத்தார்கள். ஹெலிகோபேக்டர் பைலோரி என்னும் அந்தக் கிருமியை மூச்சு, மலப் பரிசோதனைகளிலேயே கண்டுபிடித்து, பெரும்பாலும் பதினான்கு நாள் மருந்தில் ஒழித்துவிடலாம். விட்டுவைத்தால் சிலருக்கு அது இரைப்பைப் புற்று வரையில் கொண்டுபோய் விடும். தப்பு என்று ருசுவானதும் டாக்டர்கள் தங்கள் பாடப் புத்தகத்தைத் திருத்திக்கொண்டார்கள். எந்தச் சாஸ்திரக்காரராவது தமது சாஸ்திரத்தில் ஒரு வரியைத் திருத்தியதுண்டா என்று கேட்கின்றோம்.

வயிறு சொல்லும் சேதிகள்

இனி, ஒவ்வொருவரும் தம் வயிற்றைப் பற்றித் தாமே தெரிந்துகொள்ள வேண்டிய சேதிகளைச் சொல்லுகின்றோம். வெட்டி வைத்துக்கொள்ளுகிறவர்கள் வெட்டி வைத்துக்கொள்ளலாம்.

முதலில் எது வியாதியல்ல என்பதைச் சொல்லிவிடுவோம். தினம் ஒரு தரம் காலையில் போயே தீர வேண்டும் என்பது ஒரு மூடநம்பிக்கை. ஒரு நாளைக்கு மூன்று தரம் போகின்றவரும், வாரத்திற்கு மூன்று தரம் போகின்றவரும், கஷ்டமில்லாமல் போனால் சுகமுள்ளவர்களே. வாயு பிரிவது எல்லோருக்கும் உள்ளது. பால் குடித்தால் வயிறு உப்பிக் கழிகின்றது என்றால், அது தெய்வ குற்றமுமல்ல, திருஷ்டியுமல்ல. பாலிலுள்ள சர்க்கரையைச் செரிக்கின்ற சத்து வயது வந்த பலருக்குக் குறைந்துவிடுகின்றது; தென்னாட்டாரில் இது சர்வ சாதாரணம். அமிர்தமென்று சொல்லப்படுகின்ற பால் ஒருவனுக்கு ஒத்துக்கொள்ளாவிட்டால் அவன் அதை விட்டுவிட்டு மோர் குடித்துப் பார்க்கட்டும். பரீட்சை வந்தால், கடன்காரன் வந்தால் வயிற்றைக் கலக்குகின்றதும், வெளிக்குப் போனதும் வலி குறைகின்றதும், எல்லாப் பரிசோதனையும் சரியாயிருக்கின்றதுமான ஒரு கோளாறு உண்டு. அது பாசாங்குமல்ல, பைத்தியமுமல்ல; வைத்தியம் செய்துகொள்ளத்தக்க கோளாறுதான்.

இனி வியாதியின் அடையாளங்கள்.

1. மலத்தில் இரத்தம் கண்டால், "மூலந்தான்" என்று தீர்ப்புச் சொல்ல உங்களுக்கும் உரிமையில்லை, சுவரெழுத்து வைத்தியனுக்கும் உரிமையில்லை. மூலமாயிருக்கலாம், புற்றாயுமிருக்கலாம். பார்த்தால்தான் தெரியும். பீட்ரூட் தின்றாலும் சிவப்பாய்ப் போகும் என்பதைச் சந்தேகத்தின் லாபமாய்க் கொடுத்து ஒரு நாள் பாருங்கள். இரண்டு வருஷம் பார்க்காதீர்கள்.

2. மலம் தார்போல் கறுத்து, பிசுபிசுத்து, துர்நாற்றத்தோடு போனால் மேல் வயிற்றில் இரத்தம் கசிகின்றது என்று அர்த்தம். இரும்புச் சத்து மாத்திரை தின்றாலும் கறுக்கும். அது தின்னாதவர்கள் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். மூட்டை தூக்கிவிட்டும் நாற்று நட்டுவிட்டும் உடம்பு வலிக்காக மருந்துக் கடையில் தினமும் வலி மாத்திரை வாங்கித் தின்கிற தோழர்கள் முக்கியமாய்க் கவனிக்க வேண்டும். அந்த மாத்திரைகளில் பல இரைப்பையைப் புண்ணாக்கி இரத்தம் கசிய வைக்கும்.

3. பல வருஷமாய் இருந்த பழக்கம் மாறி, சில வாரங்களாய்க் கழிச்சலோ மலச்சிக்கலோ நீடித்தாலும், தூக்கத்திலிருந்து எழுப்பிக் கழிச்சல் வந்தாலும், சும்மாயிருக்கக் கூடாது.

4. முயற்சி செய்யாமல் உடம்பு இளைப்பது, பசி போவது, விழுங்கும்போது அடைப்பது, ஓயாத வாந்தி ஆகியவை "வயதானால் அப்படித்தான்" என்று விடத்தக்கவையல்ல.

5. முகமும் இமையும் வெளுத்து, நாலு படி ஏறினால் மூச்சு வாங்குவது. ஆண்களுக்கும் தூரம் நின்ற பெண்களுக்கும் இரும்புச் சத்துக் குறைந்து இரத்தம் குறைந்தால், குடலில் எங்கேனும் கசிகின்றதா என்று பார்க்க வேண்டும். குழந்தை மண்ணைத் தின்றால் அதை அடிக்காதீர்கள், மந்திரிக்காதீர்கள். இரத்தக் குறைவினாலும் மண் தின்கிற ஆசை வரும். வெறுங்காலின் வழியே ஏறுகின்ற கொக்கிப்புழு குடலில் தங்கி இரத்தத்தை உறிஞ்சும். ஒன்று முதல் பத்தொன்பது வயது வரையில் உள்ளவர்களுக்கு அங்கன்வாடியிலும் பள்ளிக்கூடத்திலும் பிப்ரவரி 10, ஆகஸ்டு 10 ஆகிய நாட்களை ஒட்டி இனாமாய்ப் புழு மாத்திரை கொடுக்கின்றார்கள். அமாவாசையையும் கிருத்திகையையும் ஞாபகம் வைத்திருக்கிற தாய்மார்கள் இந்த இரண்டு தேதிகளையும் ஞாபகம் வைக்கட்டும்.

6. கண்ணும் மூத்திரமும் மஞ்சளாகி மலம் சுண்ணாம்பு நிறமானால் பித்தநீர் போகும் வழி அடைபட்டிருக்கலாம். மலம் எண்ணெய்ப் பசையோடு மிதந்து, தண்ணீர் ஊற்றியும் போகாமலிருந்தால் கொழுப்புச் செரிக்கவில்லை. கணையத்திலோ சிறுகுடலிலோ கோளாறு இருக்கலாம். இரண்டிற்கும் மணிக்கட்டில் சூடு போடுவது மருந்தல்ல.

7. வயிற்றுக் கோளாறே அல்லாத ஒன்றையும் இங்கே சொல்லியாக வேண்டும். நெஞ்சில் பாறாங்கல் வைத்தாற்போல் அழுத்தி, தாடைக்கோ கைக்கோ வலி ஓடி, வியர்த்துக் கொட்டுமானால், அதை "வாயுப் பிடிப்பு" என்று சொல்லிச் சோடாவும் ஓமத் தண்ணீரும் குடித்துக்கொண்டிருக்காதீர்கள். அது மாரடைப்பாயிருக்கலாம். அப்படி வாயுவென்று நம்பிக் காற்றாய்ப் போனவர்கள் ஊருக்கு ஊர் உண்டு. 108க்குச் சொல்லி உடனே புறப்பட வேண்டும்.

8. குழந்தைக்கு வயிற்றால் போகும்போது, "தண்ணீர் கொடுத்தால் இன்னும் போகும்" என்று நிறுத்துவது கொலைக்குச் சமானம். கண் குழி விழுந்து, நாக்கு உலர்ந்து, அழுதால் கண்ணீர் வராமல், வயிற்றுத் தோலைக் கிள்ளிவிட்டால் மெதுவாய்ப் படிந்தால் உடம்பில் தண்ணீர் வற்றிவிட்டது என்று அர்த்தம். 1971இல் வங்காள அகதிகள் பங்காவ்ன் முகாமில் வாந்திபேதியில் நூற்றுக்கு ஏறக்குறைய முப்பது பேராய்ச் செத்துக்கொண்டிருந்தபோது, திலீப் மகலனாபிஸ் என்னும் டாக்டர் உப்பும் சர்க்கரையும் கலந்த தண்ணீரைப் பீப்பாய் பீப்பாயாய் வைத்து எல்லோருக்கும் கொடுக்கச் சொன்னார். சாவு நூற்றுக்கு நாலுக்கும் குறைந்தது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் அந்தப் பொட்டலமும் துத்தநாக மாத்திரையும் கொடுப்பார்கள். பொட்டலம் கிடைக்கிற வரையில், காய்ச்சி ஆறிய ஒரு லிட்டர் தண்ணீரில் தலை தட்டிய ஆறு தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் கரைத்து வாய்க்கு வாய் கொடுங்கள், தாய்ப்பாலையும் நிறுத்தாதீர்கள். குழந்தை சோர்ந்து கண் திறவாமல் கிடந்தால் ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

புதிய பூசாரிகள்

பழைய பூசாரியிடமிருந்து தப்பித்தவர்கள் புதிய பூசாரியிடம் மாட்டிக்கொள்ளக் கூடாது என்பதற்காக இதையும் சொல்லுகின்றோம். கைப்பேசியைத் திறந்தால், "உங்கள் குடலில் அழுக்குச் சேர்ந்திருக்கிறது, இந்தப் பொடியைக் குடியுங்கள், நாக்கைப் பார்த்தே நாற்பது வியாதி சொல்லுவோம்" என்று கோட்டுப் போட்ட மனிதர்கள் கூவுகின்றார்கள். குடலில் கிருமிகள் இருப்பது உண்மை. மனித உடம்பில் சுமார் 38 லட்சம் கோடி பாக்டீரியாக்கள் இருக்கலாம் என்று 2016இல் கணக்கிட்டார்கள். அவற்றில் பெரும்பாலானவை பெருங்குடலில் நமக்கு வேலை செய்துகொண்டுதான் இருக்கின்றன. ஆனால் அந்த உண்மையைச் சொல்லி, "நல்ல கிருமி" மாத்திரையை எல்லா வியாதிக்கும் விற்பது, ஆறு இருப்பது உண்மை என்பதற்காக அதில் முழுகினால் பாவம் போகும் என்று சொல்லுவதைப் போன்றது. அமெரிக்காவின் குடல் வைத்திய நிபுணர் சங்கமே 2020இல், வயிற்று வியாதிகளில் பெரும்பாலானவற்றிற்கு அந்த மாத்திரைகளைச் சிபாரிசு செய்யப் போதுமான ருசுவில்லை என்று சொல்லிவிட்டது. குடலைக் கழுவ ஒரு பொடியும் வேண்டியதில்லை. குடல் தன்னைத் தானே பார்த்துக்கொள்ளும். அதற்கு வேண்டியது கீரை, காய், பயறு, கம்பு, கேழ்வரகு, தண்ணீர், நடை. இவற்றிற்கு விளம்பரம் கிடையாது. ஏனெனில் இவற்றில் ஒரு முதலாளிக்கும் கொள்ளை லாபம் கிடையாது.

பழைய சோற்றையும் இப்போது ஒரு சாமியாக்கி வருகின்றார்கள். பிடித்தால் சாப்பிடுங்கள், கும்பிடாதீர்கள். பசுவின் மூத்திரத்தைக் குடித்தால் வயிற்று வியாதியெல்லாம் தீரும் என்கின்றவர்களிடம் ஒரே ஒரு கேள்வி: உங்களுக்கு இரத்த வாந்தி வந்தபோது நீங்கள் தொழுவத்திற்குப் போனீர்களா, ஆஸ்பத்திரிக்குப் போனீர்களா?

சில ஆட்சேபணைகள்

"ஆஸ்பத்திரிக்குப் போனால் ஒரு நாள் கூலி போகுமே, வெளியூருக்கு அலைய விடுவார்களே" என்று ஏழைத் தோழர்கள் சொல்லுவார்கள். இது நியாயமான ஆட்சேபணை. இதைச் சாமியாரின் ஆட்சேபணையோடு சேர்த்து நாம் பரிகாசம் செய்ய மாட்டோம். குழாய் விட்டுப் பார்க்கின்ற வசதி ஊருக்கு அருகில் இருக்க வேண்டும்; காத்துக் கிடக்கின்ற நாட்கள் குறைய வேண்டும்; பெண்களைப் பார்க்கப் பெண் டாக்டர் இருக்க வேண்டும். இவற்றை அரசாங்கத்தினிடம் பிச்சையாய் அல்ல, உரிமையாய்க் கேட்க வேண்டும். ஆனால் கும்பாபிஷேகத்திற்கு வீட்டுக்கு இவ்வளவு என்று வரி போட்டு லட்சக்கணக்கில் சேர்க்கின்ற ஓர் ஊர், தன் சுகாதார நிலையத்திற்கு ஒரு டாக்டர் வேண்டுமென்று பத்துப் பேராய்ச் சேர்ந்து ஒரு மனுக் கொடுத்ததுண்டா என்பதையும் கேட்டுக்கொள்ள வேண்டும்.

"விதி முடிந்தால் டாக்டர் என்ன செய்வார்?" என்பார்கள் வேறு சிலர். விதியை அவ்வளவு நம்புகின்றவர்கள் மாட்டுக்குக் கழிச்சல் கண்டபோது ஏன் ஓடினார்கள்? மாட்டுக்கு மாத்திரம் பிரமன் எழுத மறந்துவிட்டானா?

ஆகவே தோழர்களே! சுயமரியாதை என்பது மேடையில் மார்தட்டுவது மாத்திரமல்ல. நமது உடம்பு நமக்குக் கீழானது அல்லவென்றும், அதில் எந்த உறுப்பும் எந்தக் கழிவும் வெட்கத்திற்குரியது அல்லவென்றும் உணருவதும் சுயமரியாதைதான். நாளைக் காலையில் எழுந்து நீங்கள் எந்தத் தெய்வத்தின் முகத்திலும் விழிக்க வேண்டியதில்லை. தண்ணீரைக் கொட்டுமுன் ஒரு தரம் குனிந்து பாருங்கள். பார்த்தது சரியில்லை என்றால் அன்றைக்கே வீட்டில் சொல்லுங்கள். அந்த வாரத்திலேயே டாக்டரிடம் சொல்லுங்கள். கறுப்போ, இரத்தம் மிகுதியோ என்றால் அன்றைக்கே போங்கள். உங்கள் தகப்பனாரும் தாயாரும் மனைவியும் இளைப்பதைக் கண்டால் கேலி செய்யாதீர்கள். கிட்ட உட்கார்ந்து கேளுங்கள்.

நாம் கேட்கத் தவறினோம். சின்னம்மா இன்னும் அந்தத் தறிக்குழியைத் தாண்டித்தான் அடுப்பங்கரைக்குப் போகின்றார்.